பரணில் கிடக்கும் கணினி

(கள்ளக்குறிச்சியில் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'எடை குறைந்த லினக்ஸ் வழங்கல்களில் வந்திருக்கும் புதிய வசதிகள்'. கொஞ்சம் மிரட்டுகிற தலைப்புதான். அதனால் நான் லினக்ஸிலிருந்து தொடங்கப் போவதில்லை. உங்கள் வீட்டுப் பரணிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் பரணில் என்ன இருக்கிறது? ஓட்டை விழுந்த அண்டா இருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பை, அதற்குள் ஒரு மடிக்கணினி இருக்கிறதா? இருக்கிறவர்கள் கை தூக்குங்கள். பாருங்கள், பாதி அவை கை தூக்கியிருக்கிறது.

2011 செப்டம்பர் 15ஆம் தேதி, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படித்த பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள் என்று லட்சக்கணக்கானவர்கள் கையில் அது சேர்ந்தது. அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், இன்னொன்று 'பாஸ்' லினக்ஸ். பாஸ் வெளிநாட்டுச் சரக்கு அல்ல. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை, அதாவது வழங்கலை, அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007இல் வெளியிட்டது. கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு பட்டியல் வரும், எது வேண்டும் என்று கேட்கும். உங்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் ஒரு முறையாவது பாஸைத் தேர்ந்தெடுத்தீர்கள்? இப்போது கைகள் எல்லாம் இறங்கிவிட்டன.

உங்கள் மேல் குற்றமில்லை. கருவியைக் கொடுத்தோம், கற்றுக்கொடுக்க ஆள் கொடுக்கவில்லை. நம் மாநிலத்துக்கு இது தெரியாத பாதையும் அல்ல. 2006, 2007 வாக்கில் சி. உமாசங்கர் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த அலுவலகமே சூஸே லினக்ஸுக்கு மாறியது. பக்கத்துக் கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் கணினிப் பாடம் படிப்பதே லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில்தான். அங்கே அது பாடத்திட்டத்துக்குள் போனது, ஆசிரியருக்குப் பயிற்சியாகப் போனது. நமக்கு அது மெனுவில் இரண்டாவது வரியாக நின்றுவிட்டது.

சரி, நடந்தது நடந்தது. இப்போது என்ன செய்வது? அந்தப் பெட்டியை எடைக்குப் போட வேண்டியதுதானா?

கல்வராயன் மலையில் ஓர் ஓட்டு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். மூத்த பெண் பிளஸ் டூ படித்தபோது வாங்கிய மடிக்கணினி. அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். தம்பி பதினொன்றாம் வகுப்பு. கணினியைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா கையை விரித்தார். "அது செத்துப்போயி மூணு வருசம் ஆச்சிங்க சார். கடையில காட்டுனோம். இதுல இனிமே ஒண்ணும் ஏறாது, எடைக்குப் போட்டுருங்கன்னுட்டாங்க. மவ வாங்குனது, போட மனசு வரல." பையன் ஏணி போட்டு இறக்கினான். மூடியைத் திறந்தால் கீபோர்டு இடுக்கெல்லாம் தூசி, ஓர் ஓரத்தில் பூச்சிக்கூடு. பேட்டரியில் உயிரில்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டு நேரே சார்ஜரைச் செருகினோம். விசிறி 'கர்ர்' என்று சுற்றியது. விசிறி சுற்றுகிறதென்றால் உயிர் இருக்கிறது என்று பொருள்.

என் சட்டைப் பையில் இருந்த பென் டிரைவைச் செருகினேன். பெட்டியைப் போட்டதும் எஃப்12 பொத்தானைத் தட்டி, பென் டிரைவிலிருந்து எழும்படி சொன்னேன். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடின. பையன் பயந்து என் முகத்தைப் பார்த்தான். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகியிருக்கும், திரை வந்தது. இயங்குதளம் எழுந்து நின்ற பிறகும் இரண்டு ஜி.பி. ராமில் இருநூறு எம்.பி. சொச்சம்தான் பிடித்திருந்தது. நான் முதலில் செய்தது ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்ததுதான். அக்காவின் விலங்கியல் குறிப்புகள், பள்ளி ஆண்டு விழாப் படங்கள், எல்லாம் அப்படியே இருந்தன. அந்த அம்மா புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டு மகளின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. புது விண்டோஸ் அதில் ஏறாது என்பது உண்மை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமானால் குறைந்தது நாலு ஜி.பி. ராம் வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். 2011ஆம் ஆண்டுப் பெட்டிக்கு அதற்கெல்லாம் எங்கே போவது? ஆனால் விண்டோஸ் ஏறாது என்பதும் எதுவுமே ஏறாது என்பதும் ஒன்றா? இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தானே நாம் நல்ல பெட்டிகளைப் பரணில் ஏற்றினோம்!

எடை, எடை என்கிறோமே, அது என்ன எடை? ராம் என்பது வீட்டுத் திண்ணை மாதிரி. வந்தவர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிற இடம். வீட்டுக்காரரே திண்ணை முழுக்கக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டால், வந்தவர் எங்கே உட்காருவது? கனத்த இயங்குதளம் அப்படிப் படுத்துக்கொள்கிறது. எடை குறைந்த வழங்கல் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்து, 'வாங்க' என்று இடம் விடுகிறது. நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது, உங்களுக்குத் தெரியும். சிற்பி மரத்தில் எதையும் ஒட்டுவதில்லை. வேண்டாததை எடுக்கிறார், உள்ளிருக்கும் உருவம் வெளியே வருகிறது. எடை குறைந்த வழங்கலைச் செய்கிறவர்களுக்கும் கையில் உளிதான்.

இப்படிப் பல வழங்கல்கள் உண்டு. லுபுண்டு உண்டு, பப்பி உண்டு, போதி உண்டு. நான் இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த வீட்டில் நான் செருகியது அதைத்தான். பெயர் ஆன்டிஎக்ஸ். கிரேக்க நாட்டில் பிறந்தது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2023 ஆகஸ்டில் வந்த அதன் 23ஆம் பதிப்பு, டெபியன் 12இன் மேல் கட்டியது.

அதில் என்ன புதுமை? முதலாவது, வைஃபை. நான் லினக்ஸ் பழகிய நாளில் எல்லாம் ஒழுங்காக ஏறும், ஆனால் வைஃபை மட்டும் வராது. வைஃபை அட்டைக்கு ஃபர்ம்வேர் என்ற ஒரு சின்ன மென்பொருள் வேண்டும்; அதை இறக்க இணையம் வேண்டும்; இணையம் வர வைஃபை வேண்டும். எத்தனை பேர் இந்த இடத்தில் சலித்துப்போய்த் திரும்பியிருப்பார்கள்! டெபியன் சமூகம் 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, இந்த ஃபர்ம்வேரை நிறுவும் வட்டிலேயே சேர்த்துவிடலாம் என்று முடிவெடுத்தது. 2023 ஜூன் 10ஆம் தேதி வந்த டெபியன் 12 அப்படி வந்த முதல் பதிப்பு. இந்த ஃபர்ம்வேர் கட்டற்ற மென்பொருள் அல்ல என்பதால் கொள்கைக்காரர்கள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் மலைமேல் ஒரு பிள்ளை பெட்டியைத் திறந்ததும் வைஃபை வர வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டாவது, ஒரே பென் டிரைவில் இரண்டு கெர்னல்; கெர்னல் என்றால் இயங்குதளத்தின் உட்கரு. 64 பிட் முழுப் பதிப்பில் பழைய பெட்டிகளுக்காக 5.10, புதுப் பெட்டிகளுக்காக 6.1 என்று இரண்டையும் வைத்திருக்கிறார்கள். புதிய கெர்னலில் திரை வரவில்லையா? அணைத்துவிட்டுப் பழையதைத் தேர்ந்தெடுங்கள். புதிய பதிப்பு போடுகிறவர் பழைய பெட்டிக்காரரை நினைவில் வைத்திருக்கிறார் பாருங்கள், அந்த மனசுக்காகவே எனக்கு இந்த வழங்கலைப் பிடிக்கும்.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். ஆன்டிஎக்ஸை ஹார்ட் டிஸ்க்கில் நிறுவாமலே, பென் டிரைவிலிருந்தே ஓட்டலாம். ஓட்டும்போது செய்த மாற்றங்களை அந்தப் பென் டிரைவிலேயே சேமிக்கலாம். அதற்கும் மேலே போய், நாம் அமைத்து வைத்த கணினியை அப்படியே படம் பிடித்ததுபோல் ஒரு புதிய ஐ.எஸ்.ஓ. கோப்பாக எடுத்துவிடலாம். இதற்கு ஐ.எஸ்.ஓ. ஸ்னாப்ஷாட் என்ற கருவி உள்ளேயே இருக்கிறது.

இது நமக்கு எப்படிப் பயன்படும்? மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அதில் ஓர் ஆசிரியர் ஒரு சனிக்கிழமை உட்காருகிறார். தமிழ் எழுத்துருக்களைப் போடுகிறார். தமிழ்99 விசைப்பலகையை அமைக்கிறார். லிப்ரே ஆஃபீஸ் ஏற்கெனவே இருக்கிறது. பாடநூல்களின் பி.டி.எஃப். கோப்புகளை ஒரு கோப்புறையில் வைக்கிறார். ஸ்னாப்ஷாட் எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இருபது பென் டிரைவில் அதை ஏற்றுகிறார். திங்கட்கிழமை இருபது பிள்ளைகள் கையில் இருபது தமிழ்க் கணினி! யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? யாருக்குப் பணம் கட்ட வேண்டும்? ஒருவருக்கும் இல்லை. எடுத்துக்கொள், மாற்றிக்கொள், பகிர்ந்துகொள் என்று உரிமத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பள்ளிக்கென்று ஒரு கல்வராயன் பதிப்பை நம் ஆசிரியரே செய்யலாம்.

இன்னொரு வசதி சின்னது, ஆனால் பெரிய வேலை செய்யும். ராம் நிரம்பி வழியும்போது, உள்ளே இருப்பதை அமுக்கிச் சுருக்கி அதே ராமில் இடம் பண்ணுவது. ஸீராம் என்று பெயர். மூட்டையைக் குலுக்கிக் குத்தினால் இன்னும் இரண்டு மரக்கால் பிடிக்கிறதல்லவா, அப்படி. 2014 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் இந்த வசதியை எடை குறைந்த வழங்கல்கள் இப்போது நன்றாகப் பயன்படுத்துகின்றன.

இத்தனை சொன்ன நான், ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். வண்டி கிளம்பிக்கொண்டிருக்கிறது, நண்பர்களே! 32 பிட் கணினிகளை, அதாவது பழைய வகை ப்ராசசர் உள்ளவற்றை, உலகம் ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகிறது. உபுண்டு 2017லேயே தன் 32 பிட் டெஸ்க்டாப் வட்டை நிறுத்தியது. 2025 ஆகஸ்ட் 9ஆம் தேதி வந்த டெபியன் 13இல் 32 பிட் இன்டெல் பெட்டிகளுக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. ஆன்டிஎக்ஸின் உடன்பிறப்பான எம்.எக்ஸ். லினக்ஸும் தன் 25ஆம் பதிப்பில் 32 பிட்டை விட்டுவிட்டது. ஆன்டிஎக்ஸ் 23இல் அது இன்னும் இருக்கிறது. அதன் அடித்தளமான டெபியன் 12க்கு நீண்ட கால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. எனவே உண்மையிலேயே 32 பிட்டான பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அதுவரை மூச்சுவிட நேரம் இருக்கிறது.

'உண்மையிலேயே' என்று ஏன் அழுத்துகிறேன்? இங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று ஒன்று இருந்தது. அது 32 பிட்டில் மட்டுமே வந்தது. அதைப் பார்த்துவிட்டு நம் பெட்டியே 32 பிட் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சட்டை சின்னதாக இருந்தால் ஆளும் சின்னவன் என்று சொல்லிவிட முடியுமா? உள்ளே இருக்கும் ப்ராசசர் 64 பிட்டாக இருக்கலாம். எப்படிப் பார்ப்பது? பென் டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பி, டெர்மினலைத் திறந்து, எல்-எஸ்-சி-பி-யு என்ற ஐந்து எழுத்தைத் தட்டி என்டர் கொடுங்கள். மேலேயே எழுதியிருக்கும், 32 மட்டுமா, 32ம் 64ம் இரண்டுமா என்று. இரண்டும் என்று வந்தால் கவலையே இல்லை; 64 பிட் பதிப்பைப் போடுங்கள்.

இனி தமிழுக்கு வருகிறேன். எவ்வளவு எடை குறைந்தாலும், பழசு எவ்வளவு ஓடினாலும், அதில் நம் பிள்ளை தமிழில் எழுத முடியவில்லை என்றால் எனக்கு அந்தக் கணினி வேண்டாம். முன்பு லினக்ஸில் தமிழைத் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் ஒன்று நிற்கும். 'கொ' என்று எழுதினால் மூன்று துண்டாக வரும். அந்தக் காலம் போய்விட்டது. எழுத்துகளைக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் இன்று எல்லா இடத்திலும் இருக்கிறது. டெபியன் களஞ்சியத்தில் தமிழ் எழுத்துருக்களுக்கென்றே தனித் தொகுப்பு இருக்கிறது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ்99 வந்துவிடும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் பிறந்த விசைப்பலகை அது. பேச்சொலியில் அடித்துப் பழகியவர்களுக்கு அதுவும் உண்டு. அந்த வீட்டுப் பையனுக்கு விசைகளைக் காட்டிவிட்டு நான் கையெடுத்தேன். முதலில் தன் பெயரை அடித்தான். அடுத்து அக்காவின் பெயர். மூன்றாவதாக ஊர்ப் பெயர்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பேட்டரிதான் இல்லையே, திரை அணைந்தது. பையன் முகம் வாடிவிட்டது. அரை மணி கழித்துக் கரண்ட் வந்ததும் அவனே பென் டிரைவிலிருந்து எழுப்பினான், அவனே கோப்பைத் திறந்தான். சேமித்து வைத்திருந்ததால் மூன்று பெயரும் இருந்தன.

மலையில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பாறைமேல் ஏறி நின்றால் ஒரு கோடு, இறங்கினால் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் தினமும் இணையத்தை நம்பி ஓடுகிற கணினி எதற்கு ஆகும்? இதற்கும் வழி இருக்கிறது. ரிதேஷ் ராஜ் சராஃப் என்ற இந்திய டெபியன் நிரலாளர் ஏப்ட்-ஆஃப்லைன் என்று ஒரு கருவி செய்திருக்கிறார். மலையில் இருக்கும் கணினியில் என்ன தேவை என்று ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும்போது இணையம் இருக்கும் இடத்தில் அந்தச் சீட்டைக் காட்டி எல்லாவற்றையும் இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். மேலே போய் ஏற்றிவிடுங்கள். சந்தைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவது போலத்தான். கிவிக்ஸ் என்று இன்னொன்று. தமிழ் விக்கிப்பீடியாவை ஒற்றைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இணையமே இல்லாமல் படிக்கலாம்.

எல்லாம் நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வழங்கல் எடை குறைந்திருக்கிறது. வலைத்தளங்கள் எடை கூடிக்கொண்டே போகின்றன. ஒரு ஜி.பி. ராம் உள்ள பெட்டியில் யூடியூபையும் இன்னும் நாலு பக்கங்களையும் சேர்த்துத் திறந்தால் அது மூச்சு முட்டி நிற்கும். முடிந்தால் ராமைக் கூட்டுங்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போடுங்கள், இவை இரண்டும் தரும் வேகத்தை எந்த மென்பொருளும் தராது. ஆனால் கடிதம் எழுத, கணக்குப் போட, பாடநூல் படிக்க, நிரல் எழுதப் பழக, டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் நிரப்ப இது தாராளமாகப் போதும். நிறுவும் முன் பழைய கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் அக்காவின் படங்களை அழித்துவிட்டால் யாராலும் திருப்பித் தர முடியாது.

புதுக் கணினிகளும் வரும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக அரசு அறிவித்தது. நல்லது, வரட்டும். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு? வீட்டில் அம்மாவுக்கு? அவர்களுக்குப் பரணில் இருப்பதுதான் கணினி.

கற்றுக்கொள்ள எங்கே போவது என்று கேட்பீர்கள். 2019 நவம்பர் 26 வரை நாம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தவர்கள்தானே? அந்த விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுக்கொடுத்து வருகிறது. 2012 முதல் வரும் 'கணியம்' இதழ் தமிழிலேயே லினக்ஸ் பாடங்களை இலவசமாகத் தருகிறது. விழுப்புரத்தில் முடிந்தது கள்ளக்குறிச்சியில் முடியாதா? மலைமேல் வெள்ளிமலையில் முடியாதா?

இந்த மண்டபத்தின் வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதன்மேல் ஆன்டிஎக்ஸ் ஏற்றிய பென் டிரைவ்கள் இருக்கின்றன, 32 பிட் தனியாக, 64 பிட் தனியாக. ஆசிரியர்கள் தங்கள் பென் டிரைவைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் ஏற்றித் தருவார்கள். மலையிலிருந்து வந்த பிள்ளைகள் முதலில் வாங்கிக்கொள்ளட்டும், கடைசி பஸ் பிடிக்க வேண்டும். இன்று இரவே ஏணி போட்டு அந்தக் கறுப்புப் பையை இறக்குங்கள். சார்ஜரையும் சேர்த்துத் தேடி எடுங்கள்.